கேட்டது தொனியா, 'டிக்' சத்தமா? நிரலில் உருவாக்கும் ஒலி ஏன் கெட்டுப்போகிறது

வன்னியில் ஐம்பது வயது தாண்டியவர்களோடு கதைக்கும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம்: "கேக்குது, ஆனா விளங்கேல்லை." சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. ஷெல், கிபிர், பல்குழல் எறிகணை என்று மாதக்கணக்கில் வெடியோசைக்குள் கிடந்த காதுகளுக்கு இது புதிய விடயமல்ல. 2009 மாசியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே எறிகணைக்குள் அகப்பட்டுக் கைவிடப்பட்டது. அதன் பின்னர் மாத்தளனில் தற்காலிகமாக இயங்கிய இடத்தில் கை, கால் போனவர்களுக்கே மருந்து போதவில்லை. இரத்தம் ஓடாத காயத்தை அங்கே யார் பார்ப்பது? முகாமுக்குள்ளும் அதே நிலைதான். செட்டிகுளம் மெனிக் பாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்ட பிறகும், காது என்பது பலருடைய பட்டியலில் கடைசியாகவே இருந்தது.

நான் கிளிநொச்சியில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குக் கணினி நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கிறவன். வகுப்பில் ஒருநாள், ஒவ்வொரு மீடிறனிலும் ஒரு 'பீப்' தொனியை எழுப்பி, கேட்டால் கையை உயர்த்தச் சொல்லும் ஒரு சிறிய நிரலை எழுதினோம். வைத்தியசாலையில் செய்யும் காதுப் பரிசோதனைக்கு இது ஈடாகாது என்று தெரியும். வீட்டிலே இருக்கிற பெரியவர்களில் யாரைக் கட்டாயம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கண்டுபிடிக்க உதவினால் போதும் என்பதே எண்ணம்.

முதலில் சோதித்தது என் பெரியம்மாவை. வலைஞர்மடத்தில் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல்லோடு அவவின் இடது காது போனது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டா. அப்படிப்பட்டவ 6000 ஹேர்ட்ஸ் தொனிக்கும் இடது காதில் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தினா. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். காது பரவாயில்லை, வயசுதான் காரணம், கிளினிக்குக்கு அலைய வேண்டாம் என்று முடிவாகப் போய்விட்டது.

பிறகு அவவின் பையைக் கிளறும்போது, முகாம் அட்டையோடு சேர்த்து மடித்து வைத்திருந்த பழைய கேட்டல் வரைபடம் ஒன்று கிடைத்தது. அந்த வரைபடங்களில் வலது காதைச் சிவப்பு வட்டத்தாலும் இடது காதை நீலப் பெருக்கல் குறியாலும் காட்டுவார்கள். பெரியம்மாவின் நீலக் குறிகள் 2000 ஹேர்ட்ஸுக்குப் பிறகு கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கி, 6000 இல் "பதில் இல்லை" என்ற அம்புக்குறியோடு நின்றன. போன காது இத்தனை வருடத்துக்குப் பிறகு திரும்பி வராது. உட்காதின் மயிர்க்கலங்கள் இறந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.

அன்றைக்குத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "என்ன மாதிரிக் கேக்குது பெரியம்மா?"

"டிக் எண்டு கேக்குது மோனை. பிறகு கொஞ்சத்தாலை இன்னொருக்கா டிக்."

அவ தொனியைக் கேட்கவே இல்லை. தொனி தொடங்கும்போதும் முடியும்போதும் என்னுடைய நிரல் எழுப்பிய பிழையான சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறா. எனக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல காது. 'பீப்' சத்தத்துக்குள் அந்த 'டிக்' மறைந்துபோய் எங்களுக்குத் தெரியவில்லை. 'பீப்' கேட்காதவவுக்கு 'டிக்' மட்டும் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பின்னர் பல கிழமைகள் செலவழித்து, நிரலில் உருவாக்கும் தொனி எங்கெங்கே கெடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ படிக்கும் பிள்ளைகள், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து இப்படியான கருவிகளை எழுதி அனுப்ப நினைப்பவர்கள், யாராக இருந்தாலும் இதே குழிகளில்தான் விழுவார்கள். அதனால் கண்டதை எழுதி வைக்கிறேன்.

தொனியை உருவாக்குவது எப்படி

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு மீடிறன், வீச்சம், அவத்தை என்ற மூன்று சொல்லும் தெரியும். (இந்திய நூல்களில் மீடிறனை அதிர்வெண் என்பார்கள்.) கணினி ஒலியை ஒரு தொடர் எண்களாக வைத்திருக்கிறது. ஒரு செக்கனுக்கு 44100 அல்லது 48000 எண்கள். இதை மாதிரி வீதம் என்போம். ஒவ்வொரு எண்ணும் அந்தக் கணத்தில் அலை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும். இரண்டு, பை, மீடிறன், நேரம் ஆகிய நான்கையும் பெருக்கி, அதற்கு சைன் எடுத்து, வீச்சத்தால் பெருக்கினால் ஒரு எண் கிடைக்கும். மாதிரி இலக்கத்தை மாதிரி வீதத்தால் வகுத்தால் நேரம். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கிலேயே பிள்ளைகள் விடும் பிழைகள் உண்டு. சைன் சார்பு ரேடியனில் வேலை செய்யும், பாகையில் அல்ல. இரண்டு பையை மறந்தால் தொனி ஆறு மடங்குக்கு மேல் தாழ்ந்துவிடும். சில மொழிகளில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் வெட்டுப்பட்டு நேரம் எப்போதும் பூச்சியமாகவே இருக்கும், சத்தமே வராது. இவை உடனே பிடிபடும் பிழைகள் என்பதால் ஆபத்தில்லை. கிட்டத்தட்டச் சரியாகக் கேட்கிற தொனிதான் ஆபத்து.

முதலில் கோப்பா, கருவியா என்று பிரியுங்கள்

சத்தம் கெட்டிருக்கிறது என்றவுடன் எல்லோரும் நிரலை மாற்றத் தொடங்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு நாள் வீண். முதலில் தொனியை நேரடியாக ஒலிக்க விடாமல் ஒரு வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிற்றி மென்பொருளில் அதைத் திறவுங்கள். ஒடாசிற்றியே தொனி உருவாக்கித் தரும். அதே மீடிறனில் ஒரு தொனியை அதில் உருவாக்கி, உங்கள் கோப்புக்குக் கீழே வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் கணக்குச் சரி. பிழை ஒலிக்க வைக்கும் பாதையில், அதாவது பஃபர், தொலைபேசி, ஹெட்போன் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. கோப்பே கெட்டிருந்தால் பிழை நிரலில். இந்த ஒரு பிரிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 44100 மாதிரி வீதத்தில் 6000 ஹேர்ட்ஸ் தொனியின் ஒரு சுற்றுக்கு ஏழு புள்ளிகளுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். திரையில் பெருப்பித்துப் பார்த்தால் அது உடைந்த வேலிபோல் தெரியும். அது கெட்ட அலை அல்ல. புள்ளிகளைக் கோட்டால் இணைத்து வரைவதால் அப்படித் தெரிகிறது; ஒலிபெருக்கிக்குப் போகும் முன் அது ஒழுங்கான சைன் அலையாக மீளும். ஆகவே உயர்ந்த மீடிறன்களில் அலையின் வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் ஒடாசிற்றியின் நிறமாலை வரைபடத்தைப் பாருங்கள். சுத்தமான தொனிக்கு ஒரேயொரு கூர்மையான மலை. வேறு இடங்களிலும் குன்றுகள் முளைத்திருந்தால் அவைதான் உங்கள் பிழை.

வீச்சம் வெட்டுப்படுதல்

பெரியம்மாவுக்காக நான் செய்த இரண்டாவது தவறு இது. அவவுக்குக் கேட்கட்டும் என்று வீச்சத்தை மூன்றால் பெருக்கினேன். 16 பிற் ஒலியில் ஒரு மாதிரி -32768 க்கும் 32767 க்கும் இடையில்தான் இருக்க முடியும். அதைத் தாண்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். நிரல் எல்லையில் நிறுத்தினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். நிறுத்தாமல் நேரே 16 பிற் முழு எண்ணாக மாற்றினால், பைதனின் நம்பை அணிகளில் நடப்பதுபோல, மேலே தாண்டிய எண் கீழ் எல்லைக்குச் சுற்றிப் பாய்ந்துவிடும். முதலாவது கரகரப்பு. இரண்டாவது தகரத்தைக் கிழிப்பதுபோன்ற சத்தம். தட்டையாக வெட்டுப்படுவதே மோசம், ஏனென்றால் அது 'கொஞ்சம் உரத்த பீப்' போலவே கேட்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உச்சி வெட்டுப்பட்ட சைன் அலை தனித் தொனி அல்ல. அதற்குள் அதன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று ஒற்றை மடங்கு மீடிறன்களும் வந்துவிடும். 250 ஹேர்ட்ஸ் சோதிக்கிறோம் என்று நினைப்போம், 750 உம் 1250 உம் சேர்ந்து ஒலிக்கும். நம் காது 250 ஐ விட 750 ஐ இலகுவாகக் கேட்கும். தாழ்ந்த மீடிறனில் காது நன்றாக இருக்கிறது என்று பொய்ப் பதில் வரும்.

உயர்ந்த மீடிறனில் இன்னும் விசித்திரமான ஒன்று நடக்கிறது. மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட மீடிறனைக் கணினியால் பதிய முடியாது. 44100 க்கு அந்த எல்லை 22050. எல்லையைத் தாண்டிய மடங்குகள் மறைந்துபோவதில்லை, மடிந்து கீழே வரும். 6000 இன் 7 மடங்கு 42000. அது 44100 இலிருந்து மடிந்து 2100 ஹேர்ட்ஸாக வந்து நிற்கும். அலை முழுச் சதுரமாகவே ஆகிவிட்டால் அந்த 7 ஆம் மடங்கின் வீச்சம் மூலத் தொனியின் ஏழில் ஒன்று, டெசிபெல் கணக்கில் சுமார் 17 குறைவு. 6000 இல் முற்றாகச் செவிடான, 2000 இல் ஓரளவு கேட்கும் காதுக்கு அது தாராளமாகக் கேட்கும். பெரியம்மாவின் வரைபடத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்: 2000 வரை அவவின் காது வேலை செய்கிறது. 'டிக்' சத்தத்தை நிறுத்திய பிறகும் அவ இடையிடையே கையை உயர்த்தியதற்குக் காரணம் இந்த மடிந்து வந்த 2100.

வழி சுலபம். வீச்சம் ஒன்றைத் தாண்டக் கூடாது, 0.8 க்குள் வைத்திருந்தால் நிம்மதி. இரண்டு தொனிகளைக் கூட்டினால் கூட்டுத்தொகையையும் பாருங்கள், 0.8 உம் 0.8 உம் சேர்ந்தால் 1.6. சத்தம் போதாவிட்டால் எண்ணைக் கூட்டாமல் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டுங்கள். வெட்டுப்படுகிறதா என்று அறிய ஒரு சின்னச் சோதனை: வீச்சத்தைப் பாதியாக்குங்கள். கரகரப்பு முற்றாக மறைந்தால் பிழை இதுதான். பாதியாக்கியும் அதே கரகரப்புச் சிறியதாகக் கேட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. காதுப் பரிசோதனைக்கு மிக மெல்லிய தொனிகளும் வேண்டும். உச்சத்தை விட 80 டெசிபெல் குறைந்த தொனியை 16 பிற்றில் எழுதினால் அலையின் உயரம் மூன்றே மூன்று படிகள். சைன் அலை மாடிப்படியாகிவிடும், அதிலும் தேவையற்ற மடங்குகள் முளைக்கும். மெல்லிய தொனிகளுக்கு 24 பிற் அல்லது தசம எண் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். அது முடியாவிட்டால் கருவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நிரலில் எண்ணைப் பெரிதாக வைத்திருங்கள்.

'டிக்' எங்கிருந்து வந்தது

தொனியைச் சடாரென்று தொடங்கிச் சடாரென்று நிறுத்தினால், அந்த முறிவில் ஒலியின் சக்தி எல்லா மீடிறன்களுக்கும் சிதறும். நிறமாலையில் பார்த்தால் 6000 இல் இருந்த ஒற்றை மலையின் அடிவாரம் இரண்டு பக்கமும் பரந்து கிடக்கும். பூச்சியத்தில் தொடங்கிப் பூச்சியத்தில் முடித்தால் சரிதானே என்று பிள்ளைகள் கேட்டார்கள். குறையும், ஆனால் போகாது. திடீரென்ற தொடக்கமே ஒரு முறிவுதான்.

மருந்து, தொனியை மெல்ல ஏற்றி மெல்ல இறக்குவது. காதுப் பரிசோதனைக் கருவிகளில் இந்த ஏற்றத்துக்குக் குறைந்தது 20 மில்லிசெக்கன் கொடுப்பார்கள். நாங்கள் 25 வைத்திருக்கிறோம். 48000 மாதிரி வீதத்தில் அது 1200 மாதிரிகள். அந்த 1200 மாதிரிகளுக்குள் வீச்சம் பூச்சியத்திலிருந்து முழு அளவுக்கு ஏற வேண்டும். நேர்கோட்டில் ஏற்றினாலும் போதும், கோசைன் வளைவில் ஏற்றினால் இன்னும் சுத்தம். உலாவியில் ஜாவாஸ்கிரிப்ற் மூலம் செய்பவர்கள் ஒலியெழுப்பியை நேரே தொடங்கி நிறுத்தாமல், அதற்குப் பிறகு வரும் சத்தக் கட்டுப்பாட்டை ஏற்றி இறக்குங்கள். அடுக்குக்குறி வளைவில் இறக்கினால் இலக்காகப் பூச்சியத்தைக் கொடுக்க முடியாது, வழு வரும். மிகச் சிறிய எண்ணைக் கொடுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். வெடியோசை பட்ட பலருக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல் இருக்கிறது. சிலருக்கு வண்டு இரைவதுபோல, சிலருக்குக் கூவென்று. தொடர்ந்து ஒலிக்கும் தொனியை அவர்களால் தங்கள் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாது. அதனால் அவர்களுக்குக் கால் செக்கன் அளவில் விட்டுவிட்டு ஒலிக்கும் தொனியைக் கொடுப்பது வழக்கம். விட்டுவிட்டு ஒலித்தால் தொடக்கமும் முடிவும் கூடும். ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் 'டிக்' சத்தமும் அத்தனை தடவை.

ஒழுங்கான உறுமலும் ஒழுங்கற்ற வெடிப்பும்

கோப்புச் சுத்தம், நேரடியாக ஒலிக்கும்போது மட்டும் கெடுகிறது என்றால் பஃபரைப் பாருங்கள். நிரல் ஒலியைத் துண்டு துண்டாகத்தான் கருவிக்குக் கொடுக்கிறது. ஒரு துண்டில் 1024 மாதிரிகள் என்று வைத்துக்கொள்வோம். 44100 வீதத்தில் 1000 ஹேர்ட்ஸ் தொனிக்கு அந்தத் துண்டுக்குள் 23 முழுச் சுற்றும் இன்னொரு சுற்றின் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான பகுதியும் அடங்கும். அடுத்த துண்டை நேரம் பூச்சியத்திலிருந்து மறுபடி கணித்தால், அலை நின்ற இடத்துக்கும் தொடங்கும் இடத்துக்கும் பொருத்தம் இருக்காது. ஒரு செக்கனுக்கு 43 தடவை இந்த முறிவு நடக்கும். தொனிக்கு அடியில் ஒரு உறுமல் கேட்கும்.

முன்னைய துண்டு எந்த அவத்தையில் நின்றதோ அதை ஒரு மாறியில் வைத்திருந்து, அடுத்த துண்டை அங்கிருந்து தொடங்க வேண்டும். அந்த மாறி இரண்டு பையைத் தாண்டும்போது இரண்டு பையைக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் அது வளர்ந்துகொண்டே போய், 32 பிற் தசம எண்ணில் வைத்திருப்பவர்களுக்கு நேரம் செல்லச் செல்லத் துல்லியம் தேயும். முதல் நிமிடம் நல்லாக இருந்து பிறகு சுரசுரக்கத் தொடங்கும் தொனிக்கு இதுதான் காரணம்.

இந்தப் பிழை ஒளிந்து விளையாடும். துண்டின் அளவு 441 ஆக இருந்தால் 1000 ஹேர்ட்ஸுக்குச் சரியாகப் பத்துச் சுற்று, பிழையே தெரியாது. அதே நிரலில் 250 கொடுத்தால் இரண்டரைச் சுற்று, உடனே உறுமும். ஆகவே 1000 இல் மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். 250, 500, 1000, 2000, 3000, 4000, 6000, 8000 எல்லாவற்றையும் பாருங்கள்.

உறுமல் ஒழுங்கில்லாமல், எப்போதாவது பட் பட்டென்று வெடித்தால் அது வேறு நோய். நிரல் அடுத்த துண்டைக் கொடுக்கப் பிந்துகிறது, கருவியிடம் ஒலிக்க ஒன்றும் இல்லை. பழைய, மலிவான அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் இது சாதாரணம், எங்கள் வீடுகளில் இருப்பவையும் அவைதான். துண்டின் அளவைக் கூட்டுங்கள். ஒலி எழுப்பும் பகுதிக்குள் கோப்பு எழுதுவது, திரையில் அச்சிடுவது போன்ற வேலைகளை வைக்காதீர்கள். எல்லாவற்றையும் விட நல்லது, எட்டுத் தொனிகளையும் முன்கூட்டியே கணித்து நினைவகத்தில் வைத்துவிடுவது.

தொனி கரகரக்காமல் உயரம் மட்டும் மாறியிருந்தால் கோப்பின் தலைப்பைப் பாருங்கள். 44100 இல் கணித்து 48000 என்று எழுதினால் 1000 ஹேர்ட்ஸ் 1088 ஆகும். ஒற்றைத் தடத்துக்குக் கணித்துவிட்டு இரட்டைத் தடம் என்று எழுதினால் மீடிறன் இரட்டிக்கும், நேரம் பாதியாகும். 8000 சோதிப்பதாக நினைத்து 16000 ஒலிக்க விட்டால், ஐம்பது வயதுக் காது நல்லதாக இருந்தாலும் கேட்காது.

நிரலுக்கு வெளியே

புளூரூத் ஹெட்போனை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது. அமைதி வந்தவுடன் சில கருவிகள் உறங்கிவிட்டு, அடுத்த தொனியின் தொடக்கத்தை விழுங்கிவிடும். கம்பி ஹெட்போனே நல்லது. தொலைபேசியில் இருக்கும் ஒலி மெருகூட்டல்கள், சமப்படுத்திகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தொலைபேசியின் சொந்தச் சின்ன ஒலிபெருக்கியில் 250 ஹேர்ட்ஸ் ஒழுங்காக வராது. நீங்கள் கேட்பது பெரும்பாலும் அதன் மடங்குகளைத்தான்.

மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டிருக்கும்போது அடியில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சல் 50 இலும் 100 இலும் இருக்கும். இதை நிரலுக்குள் தேடி ஒரு முழுச் சனிக்கிழமையை இழந்தவன் நான். தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்திலோ, வாசலில் லான்ட்மாஸ்ரர் நிற்கும்போதோ மெல்லிய தொனிகளைச் சோதிப்பதிலும் பயனில்லை. மின்விசிறியையும் நிறுத்த வேண்டும்.

பிழை தேடும்போது ஹெட்போனைக் காதில் மாட்டாதீர்கள். முழுச் சத்தத்தில் சுற்றிப் பாய்ந்த அலை காதுக்குள் வெடித்தால் நல்ல காதும் போகும். கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்பதென்றால் 80 டெசிபெல்லுக்கு மேல் போக வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பெரியவர்களுக்குச் சோதிக்கும்போது என்ன சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, மிக மெல்லியதில் தொடங்குங்கள். எங்கள் ஊர் மனிதர்களுக்குத் திடீர்ச் சத்தம் எதைக் கொண்டுவரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கிளினிக்கில் இருக்கும் கேட்டல்மானியில் ஒவ்வொரு ஹெட்போனுக்கும் டெசிபெல் அளவு அளந்து சரிபார்க்கப்பட்டிருக்கும். ஒலிக்கெடுதல் சுமார் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தரநிர்ணயம் உண்டு. உங்கள் தொலைபேசிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே "உங்களுக்கு 40 டெசிபெல் இழப்பு" என்று எந்த இலக்கத்தையும் திரையில் காட்டாதீர்கள். நாங்களும் முதல் வடிவத்தில் காட்டி, பிறகு எடுத்துவிட்டோம். இரண்டு காதுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா, உயர்ந்த மீடிறன்களில் பதில் திடீரென்று நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். வெடியோசை பட்ட காதில் பெரும்பாலும் 4000 ஐ ஒட்டியே குழி விழும். சொல்லின் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பல அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. "கேக்குது, ஆனா விளங்கேல்லை" என்பதன் விளக்கம் அதுவே. காதிலிருந்து நீரோ சீழோ வடிந்தால் தொனிப் பரிசோதனை ஒன்றும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருக்கலாம், அதைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்யவும் முடியும், நேரே வைத்தியரிடம் போங்கள்.

தொனிக்குப் பதிலாக இரைச்சலுக்குள் இலக்கங்களைச் சொல்லிக் கேட்டறியும் முறையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட கைத்தொலைபேசிச் செயலி அப்படித்தான் இயங்குகிறது. பேச்சுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான வித்தியாசத்தையே அது அளப்பதால், தொலைபேசியின் சத்த அளவு அவ்வளவாகப் பாதிக்காது. எங்கள் பிள்ளைகள் இப்போது தமிழ் இலக்கங்களைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பதிவிலும் முதல் நாளே வீச்சம் வெட்டுப்பட்டிருந்தது. 'எட்டு' என்று உரத்துச் சொன்ன இடத்தில்.

ஏற்ற இறக்கம் போட்டு, வீச்சத்தை 0.8 இல் நிறுத்தி, நிறமாலையில் ஒற்றை மலையைப் பார்த்த பிறகு பெரியம்மாவை மறுபடி இருத்தினோம். இடது காதில் 1000 க்குக் கை உயர்ந்தது. 2000 க்குக் கொஞ்சம் பிந்தி உயர்ந்தது. 3000, 4000, 6000 க்கு அவ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

"தொடங்கீட்டியோ மோனை?" என்று கேட்டா.

அடுத்த கிளினிக் நாளுக்குத் துண்டு எடுத்தாயிற்று. பழைய வரைபடத்தையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.